வற்றாத பீலியின் இரகசியம்

ஐப்பசி முதல் தை வரை ஊவா மலைகளிற் பெய்யும் பெருமழையின் நீர் ஓடைகள் வழியே விரைந்து கழிந்துவிடுகிறது. ஆனால், கச்சான் காற்று வீசித் தேயிலைக் கொழுந்து வாடும் ஆடி, ஆவணி மாதங்களிலும் எல்ல, பண்டாரவளை, பதுளைப் பகுதித் தோட்டங்களிலே ஊற்றுநீர் விழும் பீலிகள் பல வற்றுவதில்லை. லயத்து மக்கள் குடிப்பதும் குளிப்பதும் அந்நீரிலேதான். மழையற்ற காலத்தில் அந்நீர் எங்கிருந்து வருகிறது?

மலையே அதனைச் சேமித்து வைக்கிறது. இம்மலைகளின் பாறை இறுகியது. மேலேயுள்ள உக்கிய மண்ணிலும், அடியிலுள்ள பாறை வெடிப்புகளிலுமே நீர் தங்குகிறது. அவ்வெடிப்புகளிற் பல மயிரிழையளவே அகன்றவை. வளைந்தும் கிளைத்தும் செல்பவை.

நுண்ணிய வழியில் நீர் எளிதில் ஓடாது. சுவரைத் தொட்ட நீர் நின்றுவிடும். அது அடுத்த படையை இழுத்துப் பிடிக்கும். இவ்வாறு உராய்வினால் அமுக்கம் வீணாகிறது. இரத்த ஓட்டத்தை ஆராய்ந்த போய்சேய் என்னும் பிரெஞ்சு மருத்துவர், 1840ஆம் ஆண்டளவில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் இதனை அளந்தார். குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால், அதே அமுக்கத்தில் ஓடும் நீர் பதினாறில் ஒரு பங்காகிவிடும்! தட்டையான வெடிப்பின் அகலம் பாதியானாலோ எட்டில் ஒரு பங்காகும்.

வளைவு என்ன செய்யும்? இதனை 1927இல் டீன் என்னும் கணித அறிஞர் ஆராய்ந்தார். வேகமாய் ஓடும் நீர் வளைவிலே வெளிப்புறம் தள்ளுண்டு, இரு சுழல்களாகத் திருகிச் செல்லும்; அதனால் இழப்பு மிகும். பாறையினுள் ஊர்ந்து செல்லும் நீருக்கு அவ்வளவு வேகமில்லை. அங்கே வளைவுகள் வழியை நீளமாக்கியே இழப்பைப் பெருக்குகின்றன.

இந்த இழப்பே மலைநாட்டாருக்கு இலாபம். தடையிருப்பதால் மார்கழி மழை ஆவணி வரை சிறிது சிறிதாகக் கசிகிறது.

அத்தடை நீங்கினால் நேர்வது யாது என்பதை 2014இல் ஊவா கண்டது. உமா ஓயாவின் நீரைத் திருப்பிப் பாசனத்துக்கும் 120 மெகாவாட் மின்சாரத்துக்கும் பயன்படுத்துவதற்காக, ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளச் சுரங்கம் குடையப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பரில், நீர் நிறைந்த வெடிப்புகளிலிருந்து சுரங்கத்தினுள் வெள்ளம் பாய்ந்தது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, வீட்டுச் சுவர்கள் பிளந்தன. குடிநீர் பவுசரில் வந்தது.

காரணம் எளிது. நெடிய வளைவழியில் ஊர்ந்த நீருக்குக் கீழே, அமுக்கம் குறைந்த திறந்த வாயிலொன்று கிடைத்தது. கசிவைத் தடுக்கச் சிமெந்துக் குழம்பை வெடிப்புகளிற் செலுத்தினர். இயற்கை வைத்திருந்த தடையை மனிதன் மீண்டும் அமைக்கும் முயற்சியே அது. திட்டம் 2024 ஏப்பிரல் 24ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது.

மாணவர்களே! உங்கள் பீலியின் கீழே ஒரு வாளியை வைத்து, அது நிறையும் நேரத்தை வாரந்தோறும் குறித்து வாருங்கள். ஆண்டுகள் சில சென்றால், ஊற்று இயல்பாகக் குறைகிறதா, புதிதாக ஏதும் நேர்ந்ததா என்பதை அக்குறிப்பேடு சொல்லும். கிணறு வற்றிய பின் முன்பிருந்த நீரின் அளவை நிறுவுவது அரிது. இன்று எழுதும் ஒரு வரி அன்று ஊருக்குச் சாட்சியாகும்.