கவுதாரிக்கு ஒரு துப்பாக்கி

அறுபது வருஷத்துக்கு முன் திருநாவலூர்ப் பக்கம் ஒருவர் பறவை வேட்டைக்குத் துப்பாக்கி வாங்க நினைத்தால், முதலில் தோட்டா விலையைத்தான் விசாரிக்க வேண்டியிருந்தது. துப்பாக்கி ஒருமுறைச் செலவு. தோட்டாவோ சுட்ட ஒவ்வொரு தடவைக்கும் செலவு, குறி தப்பினாலும் சேர்த்து.

கெடிலத்தங்கரையிலிருந்து மேற்கே கல்வராயன் அடிவாரம் வரை அன்று மானாவாரிக் கொல்லைகள்தான். கம்பும் வரகும் அறுத்த தாளடியில் கவுதாரி மேயும், புதரோரம் காடை பதுங்கும், மலையேறினால் காட்டுக்கோழி. சங்கப் புலவர்கள் குறும்பூழ் என்றது இந்தக் காடையைத்தான். துப்பாக்கி இல்லாதவருக்கும் கறி கிடைத்தது. கண்ணியும் வலையும் பழக்கின கவுதாரியும் கொண்டு நரிக்குறவர்கள் பிடித்த அளவுக்கு எந்தப் பண்ணையாரின் இரட்டைக்குழலும் சுட்டிருக்காது என்பது என் எண்ணம்.

கையில் காசு குறைந்தவருக்கு வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல். உரிமத் தாளில் அதற்கு எஸ்.பி.எம்.எல். என்று பெயர். தோட்டாவே வேண்டாம், மருந்தும் ரவையும் போட்டு இடித்து, கேப்பு வைத்துச் சுடுவது. ஆனால் கூட்டமாக எழும்பும் கவுதாரிக்கு ஒரே வெடிதான். மறுபடி கெட்டித்து முடிப்பதற்குள் பறவை அடுத்த ஊர் எல்லையில் இருக்கும். அதற்கு மேல்படி தோட்டா போடும் ஒற்றைக்குழல். வசதி உள்ளவருக்கு இரட்டைக்குழல். பெரும்பாலும் பன்னிரண்டு போர்தான். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஒன்று அந்தக் குழலுக்குள் பொருந்தும். பெயரின் கணக்கு அதுதான். இருபது போர் என்றால் உருண்டை சிறியது, குழலும் சிறியது, தூக்கி நடக்க இலேசு. வெளிநாட்டில் மேட்டுநிலப் பறவை வேட்டைக்குப் பலர் அதைத் தேடுவார்கள். அங்கே மலிவு என்றால் பம்ப் வகை. 1950இல் வந்த ரெமிங்டன் 870 ஒரு கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. துப்பாக்கி எதுவானாலும் ரவை பொடியாக இருக்க வேண்டும். காடைக்குப் பெரிய குண்டு போட்டால் சட்டிக்கு இறகுதான் வந்து சேரும்.

சட்டமும் அன்று இதற்கு இடம் கொடுத்தது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்புக் குழல் துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ வேட்டை விளையாட்டுக்கோ கேட்கலாம் என்றது; பயிர்க் காவலுக்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி. அந்தப் பிரிவு இன்றும் ஏட்டில் இருக்கிறது. வேட்டைதான் இல்லை. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்கூட முதலில் சிறு வேட்டைக்கு உரிமம் தர வழி வைத்திருந்தது. 1991 திருத்தம் அந்த வாசலை அடைத்தது. இன்று விண்ணப்பத்தில் ‘கவுதாரி சுட’ என்று எழுதினால், எழுதியவரைத்தான் விசாரிப்பார்கள்.

உரிமம் வைத்திருக்கும் குடும்பங்களின் அலைச்சலில் மாவட்ட வரலாறே இருக்கிறது. தாத்தா புதுப்பிக்கப் போனது கடலூருக்கு. 1993க்குப் பிறகு அப்பா விழுப்புரத்துக்கு. 2019 நவம்பரிலிருந்து பேரனுக்குக் கள்ளக்குறிச்சி. அதே 2019இல் வந்த திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கியை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, உரிமக் காலத்தை ஐந்தாண்டாக நீட்டியது. தேர்தல் அறிவித்துவிட்டால் துப்பாக்கியை ஸ்டேஷனில் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

மலையில் கதை வேறு. ஜாகீர்தார்களின் கையிலிருந்து 1976இல்தான் விடுபட்ட கல்வராயனில், மலையாளிப் பழங்குடியினருக்கு வேட்டை பொழுதுபோக்காக இருந்ததில்லை. குழம்புக்கும் தினைக்கொல்லைக் காவலுக்கும்தான். விலை கட்டுப்படியாகும் துப்பாக்கி என்று அங்கே கிடைத்தது உள்ளூரில் அடித்த நாட்டுத்துப்பாக்கி. பால்ரஸ் குண்டும் கரிமருந்துமாகப் பிடிபட்ட செய்தி இன்னும் வருகிறது. அதைவிட ஆபத்தான மலிவுச் சரக்கு கிடையாது: குழல் வெடித்தால் போவது சுட்டவர் கண். உரிமமின்றித் தயாரித்தால் ஏழாண்டிலிருந்து ஆயுள் வரை சிறை.

இவ்வளவு தடை வந்த பிறகு கவுதாரி பெருகியிருக்க வேண்டுமே என்று கேட்கலாம். துப்பாக்கி விட்டுவைத்ததைக் கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் சுருக்கிவிட்டன. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் சர்க்கரை ஆலைகள் வந்து, கிணற்றுப் பாசனம் பரவி, கரம்பும் புதரும் வயலாகிவிட்ட இடத்தில் அது எங்கே முட்டையிடும்? பயிர்க்காரருக்கு இன்றைய தலைவலி மயிலும் காட்டுப்பன்றியும். மயில் தேசியப் பறவை, கை வைக்க முடியாது. பன்றிக்கும் வனத்துறைதான் வர வேண்டும்.

காடைக்கறிக்கு மட்டும் பஞ்சமில்லை. 1974இல் இந்தியாவுக்கு வந்த ஜப்பானியக் காடை பண்ணையில் ஐந்தாறு வாரத்தில் கறிக்குத் தயாராகிவிடும். நாமக்கல்லில் கால்நடைப் பல்கலைக்கழகம் தனி ரகமே உருவாக்கியது. நெடுஞ்சாலை ஓட்டல் பலகைகளில் ‘காடை வறுவல்’ என்பது அதுதான். ரவை கடிபடாமல் தின்னலாம்.

பரணில் தாத்தாவின் துப்பாக்கி கிடக்கிற வீட்டாருக்கு ஒரு வார்த்தை. அவர் பெயரில் இருந்த உரிமம் அவரோடு போயிற்று. உரிமமில்லாமல் வைத்திருந்தால் இரண்டிலிருந்து ஐந்தாண்டு வரை சிறை. நினைவுப் பொருள் என்று துடைத்து வைக்காதீர்கள். காவல் நிலையத்தில் ஒப்படைத்துக் கையெழுத்தோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.