மெஹர் சிங் கையெழுத்திட்ட விமான ஓவியமா? வாங்கும் முன் ஆண்டைப் பாருங்க!

ஹரிக்கேன் போர் விமானம் பறக்கும் ஓவியம். கீழே பென்சிலில் ஒரு விமானியின் கையெழுத்து. 'லிமிடெட் எடிஷன்' என்று சொல்லிப் பெரிய விலை கேட்கிறார்கள். நம்பி வாங்கலாமா? திருச்சியிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு.

திருச்சிக்கு என்ன தொடர்பு?

இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, 1942 டிசம்பர் 1-ம் தேதி, இந்திய விமானப்படையின் 6-வது ஸ்குவாட்ரன் திருச்சியில்தான் தொடங்கப்பட்டது. விமானம் ஹரிக்கேன். தலைமை மெஹர் சிங். பர்மா போர்முனையில் எதிரிப்படை இருக்கும் இடத்தை வேவு பார்த்துச் சொல்வது இவர்கள் வேலை. 1944-ல் மெஹர் சிங்குக்கு டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது.

கையெழுத்து பிரின்ட் என்றால்?

ஓர் ஓவியத்தைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் அச்சிடுவார்கள். '120/500' என்று இருந்தால், 500-ல் 120-வது பிரின்ட். ஓவியரும், போரில் பறந்த விமானிகளும் கீழே வெள்ளை ஓரத்தில் கையெழுத்திடுவார்கள். பிரிட்டிஷ் ஓவியர் ராபர்ட் டெய்லரின் 'ஸ்பிட்ஃபயர்' பிரின்ட்டில் டக்ளஸ் பேடர், ஜானி ஜான்சன் கையெழுத்திட்டார்கள். இந்த வகை பிரபலமானது 1970-களின் கடைசிக்குப் பிறகுதான்.

எங்கே உஷாராகணும்?

மெஹர் சிங் 1952-லேயே விமான விபத்தில் இறந்துவிட்டார். அப்படியானால், பிற்காலத்தில் அச்சான பிரின்ட்டில் அவர் எப்படிக் கையெழுத்திட முடியும்? பழைய கடிதத்தில் இருந்த கையெழுத்தை வெட்டி, படத்தோடு சேர்த்து ஃப்ரேம் போடுவதும் உண்டு. அது வேறு ரகம். விற்பவர் அதைச் சொல்லித்தான் விற்கணும்.

வாங்கும் முன் 3 விஷயம்

* அச்சான ஆண்டில் விமானி உயிரோடு இருந்தாரா?
* லென்ஸில் பார்த்தால் கையெழுத்து சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிகிறதா? அப்படின்னா அதுவும் அச்சுதான்.
* சான்றிதழில் உள்ள எண்ணும் பிரின்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றா?

வீட்டில் எப்படி வைப்பது?

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீரங்கத்தில் மழைக்காலத்தில் சுவர் ஈரம் காக்கும். காகிதத்தில் பூஞ்சை வரும். கண்ணாடி காகிதத்தில் ஒட்டாதபடி அமிலமில்லாத அட்டை வைத்து ஃப்ரேம் போடுங்க. நேர் வெயில் படவே கூடாது.

இனி புதுக் கையெழுத்து வருமா?

பர்மா போரில் பறந்த தலீப் சிங் மஜீதியா 2024-ல், 103 வயதில் காலமானார். 'பிரிட்டன் போர்' விமானிகளில் கடைசியாக இருந்த ஜான் ஹெமிங்வே 2025-ல், 105 வயதில் மறைந்தார். கையெழுத்திட ஆட்கள் அநேகமாக இல்லை.

அதனால், தாத்தா விமானப்படையில் இருந்தவர் என்றால், வீட்டுப் பரணை ஒருமுறை பாருங்க. அவர் பெயர் எழுதிய பறப்புப் பதிவேடோ பழைய போட்டோவோ இருக்கலாம். எந்த பிரின்ட்டையும் விட அது அரிது. பழைய பேப்பர் கடைக்குப் போட்டுடாதீங்க!