ஒத்திவைக்க முடியாத பந்தயம்

நீந்து! மிதி! ஓடு! — மூன்று கட்டளைகள். மூன்றையும் ஒருவனே ஏற்று, கடிகாரம் நிற்காமல் சுழல, அடுத்தடுத்து முடித்துக் காட்டவேண்டும். டிரையத்லான் என்கிறார்கள் இந்தப் போட்டியை. நாம் முப்போட்டி என்று சொல்லிக்கொள்வோம். நீரைவிட்டு எழுந்தவனுக்குத் தலை துவட்ட நேரமில்லை, சைக்கிளில் தாவவேண்டும். சைக்கிளைவிட்டு இறங்கியவனுக்கு இளைப்பாற இடமில்லை, ஓடவேண்டும். உடலிலே உரம் வேண்டும். உள்ளத்திலே அதைவிட உரம் வேண்டும்.

ராயபுரத்திலே மூட்டை சுமப்பவனுக்கும், காசிமேட்டிலே வலை இழுப்பவனுக்கும், திருவொற்றியூரிலே இரவு ஷிப்டு முடித்து வீடு திரும்புபவனுக்கும் இந்தப் போட்டியைப் பற்றி என்ன கவலை என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள் தோழர்களே! கேட்டால்தான் பதிலும் கிடைக்கும்.

1978ஆம் ஆண்டு பிப்ரவரி 18. ஹவாய்த் தீவுக் கூட்டத்திலே ஓவாஹு என்றொரு தீவு. நீச்சல்காரன் வல்லவனா, சைக்கிள்காரன் வல்லவனா, ஓட்டக்காரன் வல்லவனா என்று அங்கே ஒரு வழக்கு. ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி தீர்ப்புக்கு வழி சொன்னார்: மூன்றையும் ஒருவனே ஒரே நாளில் செய்யட்டும், முதலில் முடிப்பவனே வல்லவன்! ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர் கடல் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42 கிலோமீட்டர் ஓட்டம். புறப்பட்டவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். முப்போட்டி, இதைவிடக் குறைந்த தூரத்தோடு, 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிலே அரங்கேறியது. 2019 அக்டோபரில் கோவாவின் மிராமர் கடற்கரையிலும் ஒன்று நடந்தது. 1.9 கிலோமீட்டர் நீந்தி, 90 கிலோமீட்டர் மிதித்து, 21 கிலோமீட்டர் ஓடினார்கள். அந்த வீரர்களை நாம் பாராட்டுகிறோம். வியர்வை எவன் உடலில் அரும்பினாலும் அது மதிப்புக்குரியது.

இத்தகைய பந்தயங்களுக்கு எழில் கொஞ்சும் இடமாகத் தேடுகிறார்கள். தெளிந்த நீர் வேண்டும், திறந்த சாலை வேண்டும், மூச்சை நிறைக்கும் காற்று வேண்டும். ஏன், எண்ணூரும் எழில் கொஞ்சிய இடம்தானே! கொசஸ்தலை ஆறு கடலோடு கை கோக்கும் முகத்துவாரம். கரையோரம் அலையாத்திக் காடு. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்திலே சென்னைச் சீமான்கள் ஓய்வு நாடி ஓடிவந்த ஊர்! இன்றைக்கு ஓய்வு தேடி யார் வருகிறார்கள்? வருபவை கப்பல்கள், கண்டெய்னர் லாரிகள், புகை, சாம்பல்!

கடலை வெல்லும் கலை தமிழனுக்குப் புதிதா? 1954ஆம் ஆண்டிலே ஈழத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். 1971ஆம் ஆண்டிலே வல்வெட்டித்துறை ஆனந்தன் அதே நீரிணையைக் கடந்துவந்து, கரையில் தங்கிவிடாமல், திரும்பவும் நீந்தினார். ஆழிக்குமரன் என்று ஊர் அவரை அழைத்தது. 1984இல் ஆங்கிலக் கால்வாயை வெல்லப் போய் அங்கேயே உயிர் நீத்தார். 1994ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டுச் சிறுவன் குற்றாலீசுவரன், வயது 12, பாக் நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் கடந்து உலகை வியக்க வைத்தான். ஆற்றல் இருக்கிறது நம்மிடம். அந்த ஆற்றல் இறங்குவதற்கு நல்ல நீர் இருக்கிறதா?

எண்ணூர்க் குப்பங்களுக்கு வாருங்கள். அங்கே நாள்தோறும் நடக்கிறது முப்போட்டி! விடியுமுன் படகைத் தள்ளிக்கொண்டு அலைக்குள் புகுகிறான் ஒருவன். கழிமுகத்திலே மார்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் எடுக்கிறான் இன்னொருவன். இது நீர்ப்பகுதி. பிடித்த மீனை ஏற்றிக்கொண்டு மீன்பாடி வண்டி கிளம்புகிறது. ஷிப்டுக்குப் போகும் தொழிலாளி சைக்கிளை மிதிக்கிறான். பக்கத்திலே மலை நகர்வதுபோல் கண்டெய்னர் லாரி! இது சக்கரப்பகுதி. தலையிலே கூடையைச் சுமந்து தாய்மார்கள் தெருத்தெருவாக நடக்கிறார்களே, அது கால்பகுதி. கைதட்ட ஆளில்லை, கழுத்திலே போடப் பதக்கமில்லை, வழியிலே தண்ணீர் நீட்டத் தொண்டரும் இல்லை. ஆண்டுக்கு ஒரு நாளல்ல, ஆயுள் முழுதும் பந்தயம்!

இப்போது பாரிசுக்குப் போவோம். காரணம் இருக்கிறது.

2024 ஒலிம்பிக்கின் முப்போட்டி நீச்சலைச் செய்ன் ஆற்றில் நடத்தத் திட்டமிட்டார்கள். 1923 முதல் குளிக்கத் தடை விதிக்கப்பட்ட ஆறு அது. அதைத் தூய்மையாக்க ஏறத்தாழ 140 கோடி யூரோவைக் கொட்டினார்கள். அப்படியும், மழை பெய்து சாக்கடை கலந்தது. நீரை எடுத்து ஆய்ந்தார்கள். கிருமிகளின் எண்ணிக்கை அளவை மீறியிருந்தது. ஜூலை 30ஆம் நாள் நடக்கவேண்டிய ஆடவர் போட்டியை 31ஆம் நாளுக்கு ஒத்திவைத்தார்கள். உலகமே காத்திருந்தது, தொலைக்காட்சிகள் காத்திருந்தன, என்றாலும் ஒத்திவைத்தார்கள். ஏன்? இறங்குபவன் உடல்நலம் பெரிது என்பதால்!

சரியான முடிவு. நாம் குறை சொல்லவில்லை. கேட்பதெல்லாம் ஒன்றுதான்: ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பந்தயத்துக்கு ஆற்றில் இறங்குபவன் உடல் உடல் என்றால், ஒவ்வொரு நாளும் இறங்குபவன் உடல் என்ன கருங்கல்லா?

2017 ஜனவரி 28. எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின; எண்ணெய் கரையெங்கும் கட்டியாகப் படிந்தது. விண்ணிலே கோள் விடும் நாட்டிலே, வாளிகொண்டு எண்ணெயை அள்ளினார்கள் மனிதர்கள். 2023 டிசம்பர். மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் புகுந்தது. படகு கறுத்தது, வலை கறுத்தது, அலையாத்தியின் வேர் கறுத்தது, அள்ளியவன் கையும் கறுத்தது. அந்தக் கறை காய்வதற்குள், அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவு, பெரியகுப்பம் அருகே, கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. கண் எரிந்தது, மூச்சுத் திணறியது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, முதியோரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, இருட்டிலே ஓடினார்கள் மக்கள். அதுவும் ஓட்டம்தான் தோழர்களே! புறப்படும் கோடும் தெரியாமல், முடியும் கோடும் தெரியாமல், உயிர் ஒன்றைக் காக்க ஓடிய ஓட்டம்!

பாரிசிலே பந்தயத்தை ஒத்திவைத்தார்கள். பசியை ஒத்திவைக்க யாரால் முடியும்? நீர் கெட்டது என்று மீனவன் கரையில் அமர்ந்தால் அடுப்பு அணைகிறது. அடுப்பு எரியவேண்டும் என்று இறங்கினால் அவன் தோல் எரிகிறது. இரண்டு நெருப்புக்கு நடுவே ஒரு வாழ்வு!

"அப்படியானால் ஆலைகளை மூடச் சொல்கிறீர்களா?" என்று குறுக்குக் கேள்வி வரும். இல்லை ஐயா, இல்லை! ஆலையில் உழைப்பவன் யார்? மீனவனின் அண்டை வீட்டான். பல வீடுகளில் அவன் உடன்பிறந்த தம்பி. அண்ணன் வலையையும் தம்பி வேலையையும் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது நமது நோக்கமல்ல. ஆலை ஓடட்டும்; கழிவு ஆற்றில் ஓடவேண்டாம். துறைமுகம் வளரட்டும், குப்பம் தேயவேண்டாம். விளக்கு எரியட்டும், விளக்கு தரும் ஊரின் நுரையீரல் எரியவேண்டாம். இது நடக்காத காரியமா? நூறாண்டுத் தடைக்குப் பின், 2025 ஜூலையில் அதே செய்ன் ஆற்றிலே பொதுமக்கள் இறங்கிக் குளித்தார்கள். கெட்ட ஆறு திருந்தும் — ஆள்வோர்க்கும் ஆலை முதலாளிகளுக்கும் மனம் இருந்தால்!

எனவே நாம் கேட்கிறோம். பந்தய நீரை அளக்கும் அதே அக்கறையோடு எண்ணூர் நீரையும் நாள்தோறும் அளந்து, மீனவன் படித்தறியும்படி கரையிலே தமிழில் எழுதி வையுங்கள். நீர் இறங்கத் தகாதது என்றால், அன்றைய கூலியை, மாசு செய்தவனிடம் வாங்கி மீனவனிடம் கொடுங்கள். லாரிகளின் சாலையிலே சைக்கிளுக்கும் மீன்பாடி வண்டிக்கும் தனிப்பாதை ஒதுக்குங்கள். நச்சுக்காற்று கசிந்தால், மூக்கு எரிந்து தெரியுமுன் சங்கு ஊதித் தெரிவியுங்கள். சலுகை அல்ல இவை. உழைப்பவனுக்குச் சேரவேண்டிய கணக்கு.

ஒருநாள் கொசஸ்தலையின் முகத்துவாரத்திலே முப்போட்டி நடக்கட்டும். குப்பத்துப் பிள்ளை நீந்தட்டும், திருவொற்றியூர்ச் சாலையிலே அச்சமின்றி மிதிக்கட்டும், ராயபுரம்வரை ஓடட்டும். அன்று எவன் முதலில் வந்தாலும் சரி, வென்றது வடசென்னை! அதுவரை, தோழர்களே, ஒவ்வொரு தெருமுனையிலும் இதைச் சொல்லுங்கள்: பந்தயக்காரன் இறங்கத் தகாத நீரிலே பாட்டாளியை இறக்காதே!