அம்பாசடரில் பிரேக் 'மெத்'துனு இருக்கா? மலை ஏறும் முன் இதைக் கவனிங்க!

பொதட்டூர்பேட்டையிலிருந்து தாத்தா காலத்து அம்பாசடரில் குடும்பத்தோடு திருத்தணி முருகனைப் பார்க்கக் கிளம்புகிறீர்களா? மலைப்பாதையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் பிரேக்குக்குச் சோதனை. கிளம்பும் முன் வாசலிலேயே பெடலை மிதித்துப் பாருங்கள்.

* பஞ்சு போல அமுங்கினால், லைனில் காற்று புகுந்திருக்கலாம். மெக்கானிக்கிடம் ஏர் எடுக்கச் சொல்லுங்கள்.

* இரண்டு, மூன்று முறை மிதித்த பிறகே மேலே வந்து கெட்டியானால், டிரம்முக்கும் லைனருக்கும் இடைவெளி கூடியிருக்கலாம். அட்ஜஸ்ட் செய்ய வேண்டும்.

* அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்கினால், எங்கோ ஆயில் கசிகிறது. அல்லது மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போயிருக்கிறது. வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். பழைய மாடல்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஓரிடத்தில் கசிந்தாலும் மொத்த பிரேக்கும் போய்விடும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது 'டாட் 3' ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியது 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். அப்போது பெடல் தரையைத் தொடும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். அவசரத்துக்குக்கூட இன்ஜின் ஆயில் ஊற்றாதீர்கள், ரப்பர் ஊதிவிடும்.

இறங்கும்போது செகண்ட் கியரில் வாருங்கள். 2014-ல் தயாரிப்பு நின்ற கார் இது. வண்டியும் பத்திரம், வீட்டாரும் பத்திரம்!