முதுகுவலியும் சத்திரசிகிச்சை பற்றிய அச்சமும்

முதுகுவலியினால் ஒரு தடவையேனும் அவதியுறாதவர்கள் எம்மத்தியில் மிகச் சிலராகவே இருப்பர். கொழுந்துக் கூடையைச் சுமக்கும் தோட்டத் தொழிலாளி, நாள் முழுவதும் முச்சக்கர வண்டி செலுத்துபவர், கணினியின் முன் அமர்ந்திருக்கும் எழுதுவினைஞர் என எத்தரப்பினரையும் இவ்வலி விட்டுவைப்பதில்லை. 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 62 கோடிப் பேர் கீழ் முதுகுவலியினால் பாதிக்கப்பட்டிருந்ததாகவும், 2050 ஆம் ஆண்டளவில் இத்தொகை 84 கோடியைத் தாண்டக் கூடுமெனவும் உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது.

இவ்விடயத்தில் எமது மக்களிடையே ஒன்றுக்கொன்று முரணான இரு போக்குகளைக் காணக்கூடியதாக உள்ளது. ஒரு சாரார் சாதாரண வலிக்கே ஸ்கேன் பரிசோதனை, சத்திரசிகிச்சை எனப் பெருந்தொகைப் பணத்தைச் செலவிடத் துணிகின்றனர். மற்றொரு சாரார் முள்ளந்தண்டில் கத்தி வைத்தால் நடமாட முடியாது போய்விடும் என அஞ்சி, உடனடியாகச் சிகிச்சை பெறவேண்டிய நிலையிலும் எண்ணெய் பூசிக் காலத்தைக் கடத்துகின்றனர். இவ்விரண்டுமே ஆபத்தானவை.

முள்ளந்தண்டில் கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என அசையக்கூடிய முள்ளென்புகள் 24 உள்ளன. இவற்றுக்கிடையே அதிர்ச்சியைத் தாங்கும் இடைத்தட்டுகள் அமைந்துள்ளன. இவற்றையே நாம் 'டிஸ்க்' என வழங்குகின்றோம். இடைத்தட்டின் வெளிவளையம் கிழிந்து, உள்ளிருக்கும் மென்மையான பகுதி பிதுங்கி நரம்பை அழுத்தும்போது, வலி இடுப்பிலிருந்து கால்வரை மின்னலெனப் பாய்கின்றது. 'சியாட்டிகா' எனப்படும் இவ்வலிக்கும் இடைத்தட்டு விலகலுக்குமுள்ள தொடர்பை 1934 ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர்களான மிக்ஸ்டரும் பாரும் தெளிவுபடுத்தினர்.

எனினும் முதுகுவலியுடன் வருவோரில் பத்தில் ஒன்பது பேரளவில் அதற்குத் திட்டவட்டமான காரணம் எதுவும் கண்டறியப்படுவதில்லை. ஸ்கேன் படத்தில் இடைத்தட்டுத் தேய்வு தென்படுவதாலேயே அதுதான் வலிக்குக் காரணம் என்று கொள்ளவும் இயலாது. எவ்வித வலியுமற்றவர்களைப் பரிசோதித்த ஆய்வுகளைத் தொகுத்து 2015 ஆம் ஆண்டில் வெளியான அறிக்கையின்படி, 20 வயதினரில் 37 சதவீதமானோருக்கும் 80 வயதினரில் 96 சதவீதமானோருக்கும் இத்தகைய தேய்வு காணப்பட்டது. நரை விழுவதைப் போன்று இதுவும் பெரும்பாலும் மூப்பின் அடையாளமே.

இத்தகைய சாதாரண வலிக்குப் படுக்கையில் கிடப்பது மருந்தாகாது. இயன்றவரை அன்றாட வேலைகளில் ஈடுபட்டவர்கள், படுத்து ஓய்வெடுத்தவர்களை விட விரைவில் குணமடைந்தனர் என்பதை 1995 ஆம் ஆண்டில் பின்லாந்தில் நடத்தப்பட்ட ஆய்வு காட்டியது. நாட்பட்ட முதுகுவலிக்கு உடற்பயிற்சியையும் நோய் பற்றிய அறிவூட்டலையும் பரிந்துரைத்து உலக சுகாதார ஸ்தாபனம் 2023 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டல், பலரும் பணம் கொடுத்து வாங்கும் இடுப்புப்பட்டிகளை வழமையாகப் பயன்படுத்த வேண்டாம் எனவும் கூறுகின்றது.

இடைத்தட்டு விலகலும் பெரும்பாலானோருக்கு ஒரு சில மாதங்களில் சத்திரசிகிச்சையின்றியே தணிந்து விடுகின்றது. நெதர்லாந்தில் 283 நோயாளர்களிடம் மேற்கொள்ளப்பட்டு 2007 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், சத்திரசிகிச்சை பெற்றோருக்கு வலி விரைவாக நீங்கிய போதிலும், ஓராண்டின் முடிவில் இரு தரப்பினரும் ஏறக்குறைய ஒரே நிலையிலேயே இருந்தனர். ஆகவே, தாங்கொணா வலி வாரக்கணக்கில் நீடிக்கும்போது சத்திரசிகிச்சை பயன்தரும் ஒரு தெரிவாகும். நுணுக்குக்காட்டியின் உதவியுடன் சிறு வெட்டின் மூலம் செய்யப்படும் இச்சிகிச்சையின் பின்னர் அநேகர் விரைவிலேயே எழுந்து நடமாடுகின்றனர். இதிலும் ஆபத்துகள் இல்லாமலில்லை. எனினும் இடுப்பின் கீழ்ப்பகுதியில் முண்ணாண் இல்லை. அது முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளென்புகளின் அளவிலேயே முடிவடைந்து, அதற்குக் கீழே நரம்பிழைகளே செல்கின்றன. எனவே இப்பகுதியில் சத்திரசிகிச்சை செய்தால் உடல் முடங்கிவிடும் என்ற பொதுவான அச்சம் மிகைப்பட்டதாகும்.

அதேவேளை தாமதம் கூடாத நிலைமைகளும் உண்டு. சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல், பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சூழ்ந்த பகுதி மரத்துப் போதல், கால்கள் வலுவிழத்தல் ஆகியன நரம்புக் கொத்து நசுங்குவதன் அறிகுறிகளாகும். இதனை இயன்றளவு விரைவாக, பொதுவாக 48 மணித்தியாலங்களுக்குள்ளேனும் சத்திரசிகிச்சை மூலம் விடுவிக்காவிடின் பாதிப்பு நிரந்தரமாகிவிடக் கூடும். காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்த முதுகுவலி முள்ளந்தண்டுக் காசநோயாக இருக்கலாம். உரிய காலத்தில் கண்டறியப்பட்டால் பெரும்பாலும் மருந்துகளாலேயே அது குணமாகும். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவருக்குப் புதிதாகத் தோன்றும் முதுகுவலியையும் அலட்சியம் செய்யலாகாது.

மரத்திலிருந்து வீழ்ந்தவரையோ வீதி விபத்தில் சிக்கியவரையோ கையையும் காலையும் பிடித்துத் தூக்கி முச்சக்கர வண்டியில் ஏற்றும் வழக்கம் கைவிடப்படல் வேண்டும். முறிந்த முள்ளென்பு அவ்வேளையிலேயே முண்ணாணைச் சிதைத்துவிடக் கூடும். அவரை அசைக்காது 1990 என்ற இலக்கத்திற்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழைப்பதே உசிதமானது.

2009 ஆம் ஆண்டில் முடிவுற்ற யுத்தத்தினால் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழும் பலரை வடக்கு, கிழக்கு மக்கள் நன்கறிவர். படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் அவர்களது உயிருக்கே உலை வைப்பவை. நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர்களின் சேவையும், அதற்குப் பின்னரான புனர்வாழ்வு வசதியும் கொழும்பு, கண்டி போன்ற நகரங்களுக்கு வெளியே வாழும் மக்களுக்கும் எட்டக்கூடியதாக அமைய வேண்டும். நேரத்தோடு போட்டியிட வேண்டிய ஒரு நோய்க்குத் தூரமே தடையாக இருப்பதை அனுமதிக்கலாகாது. சுகாதார அமைச்சு இதில் கவனம் செலுத்த வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.