விளக்கை அணைத்தால்தான் தெரியும் கடல்

ஸ்வால்பார்டுக்குக் கடல் உயிரியல் படிக்கப் போகும் முதுகலை மாணவர் முதலில் கையில் எடுப்பது துப்பாக்கி. நார்வேக்கு வடக்கே இருக்கும் இந்தத் தீவுக்கூட்டத்தில், 78 டிகிரி வட அட்சரேகையில் உள்ள லாங்யியர்பியன் என்ற சிற்றூரில் யூனிஸ் என்னும் பல்கலைக்கழக மையம் 1993இல் தொடங்கியது. அது தன் பெயரில் பட்டம் தருவதில்லை. சொந்தப் பல்கலைக்கழகத்தில் பதிவை வைத்துக்கொண்டு பல நாட்டு மாணவர்கள் அங்கே வந்து படித்துப் போகிறார்கள். ஊரைத் தாண்டினால் பனிக்கரடி குறுக்கிடலாம். ஆகவே களப்பணிக்கு முன் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம்.

அந்த அட்சரேகையில் அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுவில்தான் எட்டிப் பார்க்கும். வெளிச்சம் இல்லாவிட்டால் பாசி வளராது. பாசி இல்லாவிட்டால் அதைத் தின்னும் உயிர்களுக்கும் வேலை இல்லை. குளிர்காலத்தில் துருவக் கடல் உறங்குகிறது என்றே பல காலம் நினைத்திருந்தார்கள். அரிசிக் குறுணை அளவே உள்ள கலானஸ் போன்ற ஓட்டுயிரிகள் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு ஆழத்தில் முடங்கிக் கிடப்பது உண்மைதான். ஆனால் எல்லாமே அப்படி இல்லை.

கடலுக்குள் நிறுத்திய கருவிகள் ஒலித்துடிப்புகளை அனுப்பி எதிரொலியைப் பதிவு செய்தன. மிதவை உயிர்க் கூட்டம் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை அந்த எதிரொலி காட்டிவிடும். மீன் கண்ணில் படாமல் பகலில் கீழே போவதும், இரவில் மேலே வந்து மேய்வதும் எல்லாக் கடல்களிலும் இவற்றின் வழக்கம். சூரியனே வராத துருவ இரவிலும் இந்த ஏற்ற இறக்கம் நடக்கிறது என்று 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. 2016இல் இன்னொன்று தெரிந்தது: நடுக்குளிர்காலத்தில் இவை நிலவின் நாள்கணக்குக்கு மாறிவிடுகின்றன. 24 மணி நேரச் சுழற்சி போய், 24.8 மணி நேரச் சுழற்சி வருகிறது. பௌர்ணமியை ஒட்டி அடிவானத்துக்குக் கீழே இறங்காமல் நிலா பல நாள் வானத்திலேயே சுற்றும். அப்போது மேற்பரப்பில் இருந்த கூட்டம் சுமார் 50 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது.

நிலவொளிக்கே இவ்வளவு என்றால் கப்பல் விளக்குக்கு? சங்கடமான கேள்விதான், ஏனென்றால் கேட்கிறவர்களே விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தவர்கள். 2020இல் வெளியான ஆய்வின்படி, கப்பலின் சாதாரண வேலை வெளிச்சம் 200 மீட்டர் ஆழம் வரையுள்ள மீன்களையும் மிதவை உயிர்களையும் கலைத்துவிடுகிறது. இருட்டில் விளக்கோடு போய் எடுத்த மீன்வளக் கணக்குகளை எவ்வளவு நம்பலாம் என்று இனி யோசிக்கத்தான் வேண்டும். கோங்ஸ்ஃபியோர்டு என்ற கடல்கழியில் ஆளில்லாத சிறு படகை விளக்கில்லாமல் ஓட்டிப் பார்த்ததும் உயிர்களைக் கலைக்காமல் கவனிப்பதற்காகத்தான்.

அதே கழியின் கரையில், நீ-ஒலெசுண்டில், 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது. கோடையில் மட்டும் போய்வந்த நம் ஆய்வாளர்கள் 2023 டிசம்பரில்தான் முதன்முறையாக அங்கே துருவ இரவுக்குள் இறங்கினார்கள்.