கமக்காரர் இல்லத்துக் காலை உணவு: உருளைக்கிழங்கை முன்கூட்டியே ஆக்கி உறையவைத்தல்

யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களிலும், நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைச்சரிவுகளிலும் உருளைக்கிழங்கு கிண்டும் நாளில் ஒவ்வொரு கமக்காரரும் காணும் காட்சியொன்று உண்டு. நல்ல கிழங்குகள் சாக்குகளில் நிரம்பிச் சந்தைக்குச் செல்லும். மண்வெட்டி பட்டுப் பிளந்தவையும் மிகச் சிறியவையும் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். வெட்டுண்ட கிழங்கை வியாபாரி விரும்பி வாங்கார். அதனைச் சேமித்து வைத்தாலோ, காயத்தின் வழியே அழுகல் புகுந்து அருகிலுள்ள நல்ல கிழங்கையும் கெடுத்துவிடும். உரமும் நீரும் உழைப்பும் இட்டு விளைவித்த பொருள் இவ்வாறு வீணாதல் பெரும் நட்டமாகும்.

அதே இல்லத்தில் வேறொரு குறையும் உண்டு. வேலை மும்முரமான நாட்களில், விடியுமுன் தோட்டத்திற்குச் செல்வோர் வெறுந் தேநீருடன் புறப்படுகின்றனர். பிள்ளைகள் கடைப் பாணுடன் பாடசாலைக்கு ஓடுகின்றனர். உறைகுளிரூட்டி உள்ள இல்லத்தார் ஒரு பிற்பகலைச் செலவிடின், இவ்விரு குறைகளையும் ஒருங்கே நீக்கலாம்.

குளிரினாற் கிழங்கைக் காத்தல் புதிய முறையன்று. உருளைக்கிழங்கின் தாயகமாகிய தென் அமெரிக்காவின் அந்தீசு மலைவாழ் மக்கள், இரவுக் குளிரில் கிழங்கை உறையவிட்டு, காலால் மிதித்து நீரகற்றி, வெயிலில் உலர்த்திச் 'சூனோ' எனும் பண்டத்தை நெடுங்காலமாகச் செய்து வருகின்றனர்.

பச்சையாக உறையவைத்தல் ஏன் தவறு?

உருளைக்கிழங்கில் ஐந்தில் நான்கு பங்களவு நீரே உள்ளது. அந்நீர் உறையும்போது உண்டாகும் பனிப்பளிங்குகள் கிழங்கின் கலங்களைக் கிழித்துவிடும். பின்னர் உருகும்போது கிழங்கு தளர்ந்து நீர்விடும். நொதியங்களின் தாக்கத்தாற் கருமையும் அடையும். அவித்தல் இந்நொதியங்களை அழிக்கும். ஆகவே, முதலில் அவித்து, பின்னர் துருவியோ மசித்தோ உறையவைத்தலே முறை. பெரிய துண்டுகளிட்ட பாற்கறி உறையவைப்பதற்கு ஏற்றதன்று. கிழங்கு கடற்பஞ்சு போலாகிவிடும்.

கிழங்கைத் தெரிதல்

வெட்டுண்ட கிழங்கை, கிண்டிய அன்றோ மறுநாளோ பயன்படுத்துக. காயப்பட்ட பகுதியை ஆழமாகச் செதுக்கி நீக்குக. பச்சை நிறம் படர்ந்த பகுதியிலும் முளைகளிலும் சொலனின் எனும் நஞ்சு உண்டு. அவித்தாலும் அது அழியாது. அவற்றை வெட்டியெறிதல் வேண்டும். பெரும்பகுதி பச்சையானதும், கசப்பதும், அழுகியதும் உணவுக்கு ஆகா. மருந்திட்ட விதைக்கிழங்கை ஒருபோதும் உண்ணலாகாது. பற்றீரியா வாடல் நோயுற்ற கிழங்கின் தோலைத் தோட்டத்திலோ எருக்குழியிலோ கொட்டாதீர்கள். நோய்க்கிருமி மண்ணிலே தங்கி அடுத்த போகத்தைத் தாக்கும்.

மாப்பிடிப்பான கிழங்கு மசிப்பதற்குச் சிறந்தது. இதனை அறிய எளிய வழியொன்று உண்டு. 11 கோப்பை நீரில் 1 கோப்பை உப்பைக் கரைத்துக் கிழங்கை இடுக. மாப்பிடிப்பானது அமிழும், நீர்ப்பிடிப்பானது மிதக்கும்.

துருவிய கிழங்கு

கிழங்கைத் தோலுடன் 10 தொடக்கம் 15 நிமிடம் வரை அவிக்க. கத்தி உட்செல்ல வேண்டும்; நடுப்பகுதி சற்று உறுதியாக இருத்தல் வேண்டும். நீரை வடித்து, நன்கு ஆறவிட்டுக் குளிரூட்டியில் வைக்க. குளிர்ந்தபின் மாப்பொருள் இறுகுவதனால் கிழங்கு குழையாது துருவ வரும். தோலுரித்துப் பெருந்துருவலாகத் துருவி, தட்டத்திற் பரப்பி உறையவைத்து, பின்னர் பைகளில் இடுக. காலையில் உருகவிடாமலே எண்ணெய் தடவிய சூடான தாச்சியில் அடைபோல் அழுத்தி, உப்பும் மிளகுத்தூளும் தூவி, இருபுறமும் பொன்னிறமாகும் வரை வேகவிடுக.

கட்லட்

1 கிலோகிராம் கிழங்கை முழுதும் அவித்து, தோலுரித்து, சூடாக இருக்கும்போதே மசிக்க. பொடியாக வெட்டிய வெங்காயம் 200 கிராம், பச்சை மிளகாய் 4, கறிவேப்பிலை ஆகியவற்றைச் சிறிது எண்ணெயில் வதக்கி, 2 தேக்கரண்டி உப்பும் 1 தேக்கரண்டி மிளகுத்தூளும் சேர்த்துப் பிசைக. ஏறக்குறைய 20 வட்டங்கள் தட்டலாம். கரைத்த கோதுமை மாவில் தோய்த்து, பாண் தூளிற் புரட்டி, ஒன்றோடொன்று ஒட்டாதவாறு தட்டத்தில் அடுக்கி உறையவைத்தபின் பையில் இடுக. உண்ணும் நாளில், உருகவிடாமல் மிதமான சூட்டிற் பொரித்து, நடுப்பகுதியும் நன்கு சூடேறியதை உறுதிசெய்க. இம்மசியலையே தட்டையான பைகளில் உறையவைத்து, சூடாக்கித் தோசைக்கும் ரொட்டிக்கும் உள்ளீடாகவும் வைக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

1. சமைத்த கிழங்கை 2 மணித்தியாலத்திற்கு மேல் வெளியே வைத்தலாகாது. தட்டத்திற் பரப்பினால் விரைவில் ஆறும்.

2. ஒரு வேளைக்குப் போதிய அளவையே ஒரு பையில் இட்டு, காற்றை அகற்றிக் கட்டி, திகதி எழுதுக. தட்டையான பொதி விரைவில் உறையும்.

3. குளிர்ப்பெட்டியின் உறைபகுதியிலுள்ள நட்சத்திரக் குறியைப் பார்க்க. ஒரு நட்சத்திரமாயின் (−6 பாகை செல்சியசு) ஒரு வாரமும், இரண்டாயின் (−12 பாகை) ஒரு மாதமும், மூன்றாயின் (−18 பாகை) மூன்று மாதமும் வைத்திருக்கலாம்.

4. உறைதல் கிருமிகளைக் கொல்லாது, உறங்கவைக்கும் அவ்வளவே. ஒருமுறை உருகியதை மீண்டும் உறையவைக்கலாகாது.

5. மின்தடையின்போது கதவைத் திறவாதீர்கள். நிரம்பிய தனி உறைகுளிரூட்டி ஏறக்குறைய 48 மணித்தியாலமும், பாதி நிரம்பியது 24 மணித்தியாலமும் குளிரைக் காக்கும். குளிர்ப்பெட்டியின் சிறிய உறைபகுதி அத்துணை நேரம் தாங்காது.

சேமிப்பிற்கான நல்ல கிழங்கைக் குளிர்ப்பெட்டியில் வைத்தல் வேண்டாம். மிகுந்த குளிரில் மாப்பொருள் சீனியாக மாறுவதனால், பொரிக்கும்போது கிழங்கு கருகும். அதற்கு இருளும் காற்றோட்டமும் உள்ள வரண்ட அறையே போதும்.

அடுத்த முறை கிழங்கு கிண்டும்போது, வெட்டுண்டவற்றைத் தனிக் கூடையில் இட்டு அன்றே வீட்டிற்கு அனுப்புக. அதனை ஆக்கும் வேலையை இல்லத்தரசியின் தலையில் மட்டும் சுமத்தாது, வீட்டார் யாவரும் தோலுரிக்கவும் துருவவும் கைகொடுத்தல் வேண்டும். குவியலில் அழுகவிருந்த கிழங்கு, பல நாட்களின் காலை உணவாகக் குடும்பத்திற்கே திரும்பி வரும்.